இரு கரை, இரு சட்டம்: டேனியர் ஆண்ட செராம்பூர்

தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய கோட்டையைத் தமிழர் பலர் பார்த்திருப்பார்கள். அதே டேனியர் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் தொண்ணூறு ஆண்டுகள் ஆண்ட சிற்றூர் ஒன்று உண்டு என்பதும், அவ்வூரின் நிர்வாகம் நெடுங்காலம் தரங்கம்பாடிக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதும் அந்த அளவுக்குப் பரவலாகத் தெரிந்த செய்தி அல்ல. தமிழில் செராம்பூர் என்று வழங்கும் அவ்வூரை வங்காளிகள் ஸ்ரீராம்பூர் என்பார்கள். டேனியர் தங்கள் அரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் பெயரைச் சூட்டி ஃபிரெடெரிக்ஸ்நகோர் என்று ஆவணங்களில் எழுதினார்கள். கொல்கத்தாவிலிருந்து ஆற்றோடு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரும் தரங்கம்பாடியும் 1845-இல் ஒரே ஒப்பந்தத்தின் மூலம் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. கடலோரத்து ஊரை அறிந்த தமிழ் வாசகருக்கு ஆற்றோரத்து ஊரின் கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்திய அச்சு வரலாற்றிலும் கல்வி வரலாற்றிலும் இச்சிற்றூர் பெற்ற இடம் அதன் பரப்பளவுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரியது.

அந்த இடம் அதற்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் விளக்கப்பட வேண்டிய கேள்வி. செராம்பூரில் பெரிய படை இருந்ததில்லை. வலுவான கோட்டை எழுந்ததில்லை. டென்மார்க் ஒருபோதும் வங்காளத்தில் நிலம் பிடிக்கும் நிலையில் இருக்கவில்லை. ஆனால் எதிர்க்கரையில் பராக்பூர் இருந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமும், பின்னர் கவர்னர் ஜெனரலின் ஓய்வு மாளிகையும் பூங்காவும் அமைந்தன. படகில் ஏறினால் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய அகலமே கொண்ட ஆறு, ஒரு கரையில் செல்லும் ஆணை மறு கரையில் செல்லாது என்னும் எல்லையாக நின்றது. கம்பெனியின் சட்டத்துக்கு மிக அருகில், ஆனால் அச்சட்டத்துக்கு வெளியே இருந்தது என்பதே செராம்பூரின் மூலதனம். அவ்வூரில் நடந்த வணிகம், தஞ்சம், அச்சு, கல்வி எல்லாமே அந்த மூலதனத்திலிருந்து கிளைத்தவை.

ஊரின் தோற்றத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இங்கே காட்சியும் அரசியலும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆறு இவ்விடத்தில் வடக்கிலிருந்து தெற்காக ஓடுவதால், செராம்பூர்க் கரையில் நிற்பவருக்குக் காலைச் சூரியன் பராக்பூர் மரங்களுக்கு மேலே, நீருக்கு அப்பாலிருந்து எழும்பும். மாலையில் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்குச் செராம்பூரின் தூண்களும் கோபுரமும் மேற்கு வெளிச்சத்தை முதுகில் தாங்கிக் கறுத்துத் தெரியும். கடல் இங்கிருந்து வெகு தொலைவில் இருந்தாலும் கடலோதம் இவ்வளவு தூரம் ஏறி வருகிறது. நாளுக்கு இருமுறை ஆறு தன் போக்கை மாற்றித் தெற்கிலிருந்து வடக்காகப் பாயும். ஆகாயத்தாமரைக் கொத்துகள் காலையில் கடலை நோக்கி மிதந்து போய், சில மணி நேரத்தில் அதே வழியாகத் திரும்பி வருவதைப் படித்துறையில் உட்கார்ந்து பார்க்கலாம். நீர் வடிந்த வேளையில் படித்துறைகளின் கீழ்ப்படிகள் வண்டல் பூசிய சாம்பல் நிறத்தில் வெளிப்படும். ஏறிய வேளையில் மேல்படிகள் சிலவே எஞ்சும். பழைய காலத்துப் படகோட்டிகள் கொல்கத்தாவுக்கு இறங்கவும் அங்கிருந்து ஏறவும் இந்த ஓதத்தின் நேரத்தைக் கணக்கிட்டே புறப்பட்டார்கள். ஐரோப்பியர் இந்த ஆற்றை நாடி வந்ததற்கும் கடலின் கப்பல்களை உள்நாட்டின் நெசவுடன் இணைத்த இந்த ஓதம் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவேதான் ஹூக்ளியின் மேற்குக் கரையில் ஐரோப்பியக் குடியிருப்புகள் வரிசையாக முளைத்தன. வடக்கே பாண்டேலிலும் ஹூக்ளியிலும் போர்த்துகீசியர், அடுத்து சின்சுராவில் டச்சுக்காரர், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர், அதற்குத் தெற்கே டேனியர் என்று சில மணி நேரப் படகுப் பயணத்துக்குள் பல கொடிகள் பறந்தன. டேனியருக்கு இது முதல் முயற்சியும் அன்று. 1698-இல் சந்தன்நகரை ஒட்டிய கோந்தல்பாராவில் அவர்கள் ஒரு பண்டகசாலை வைத்திருந்தார்கள். முகலாய அதிகாரிகளோடு ஏற்பட்ட பூசலால் 1714-இல் அதைக் கைவிட்டுத் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து டேனிஷ் ஆசியக் கம்பெனி மீண்டும் ஆள் அனுப்பியது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற சோட்மன் என்ற அதிகாரி, நவாப் அலிவர்திகானின் அவையில் செல்வாக்குள்ள பிரெஞ்சு முகவரின் துணையோடு பேசி, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் காணிக்கையும் செலவும் செய்து ஒரு பர்வானா, அதாவது அனுமதி ஆணை, பெற்றார். கிடைத்தது 60 பிகா நிலம் (ஏறத்தாழ மூன்று பிகா ஓர் ஏக்கர்). அதில் 57 பிகா ஆற்றிலிருந்து விலகிய அக்னாவில் இருந்தது. செராம்பூரில் ஆற்றை ஒட்டி 3 பிகா மட்டுமே. 1755 அக்டோபரில் அந்த 3 பிகாவில்தான் டேனிஷ் கொடி ஏறியது. கப்பல் அணையக்கூடிய அத்துண்டு நிலத்துக்காகவே மற்ற எல்லாம்.

மறு ஆண்டிலேயே இந்தச் சிறுமை அவர்களைக் காப்பாற்றியது. 1756-இல் கொல்கத்தாவைத் தாக்கப் படையோடு சென்ற நவாப் சிராஜ் உத்தௌலா, வழியில் இருந்த மற்ற ஐரோப்பியரைப் போலவே டேனியரிடமும் உதவி கேட்டார். தம்மிடம் குதிரையும் இல்லை, காலாளும் இல்லை, பீரங்கியும் இல்லை. மண் குடிசையில் இரண்டு மூன்று வேலைக்காரர்களோடு வாழ்கிறோம் என்று சோட்மன் பதில் அனுப்பினார். அது பெரிதும் உண்மையே. கோட்டையும் கொத்தளமும் வைத்திருந்த சந்தன்நகரை 1757 மார்ச்சில் ஆங்கிலத் தளபதிகள் கிளைவும் வாட்சனும் பீரங்கிகளால் பொடியாக்கினார்கள். பிடிப்பதற்கு எதுவும் இல்லாத செராம்பூரை யாரும் பொருட்படுத்தவில்லை.

பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தின் வருவாயும் வணிகமும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குள் சென்ற பிறகு, செராம்பூருக்கு ஒரு விசித்திரமான வளம் வந்தது. கம்பெனி ஊழியர்கள் பலர் தனிப்பட்ட வாணிபத்தாலும் அன்பளிப்புகளாலும் பெருஞ்செல்வம் சேர்த்திருந்தார்கள்; அதைத் தங்கள் மேலதிகாரிகளின் கண்ணில் படாமல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக வழி வேண்டும். அவர்கள் தங்கள் பணத்தை டேனியரிடம் கொடுத்தார்கள். டேனியர் அப்பணத்தில் துணியும் பட்டும் சர்க்கரையும் வெடியுப்பும் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். சரக்கு ஐரோப்பாவில் விற்ற பின் உரியவருக்கு உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) மூலம் பணம் சேர்ந்தது. வங்காள விவசாயியிடமும் நெசவாளியிடமும் கறந்த செல்வம் நாட்டை விட்டு வெளியேறிய கால்வாய்களுள் செராம்பூரும் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. டேனியரின் ஆட்சி மென்மையாக இருந்தது என்று பாராட்டும் நூல்கள் இந்தக் கணக்கைச் சற்று விரைவாகவே கடந்துவிடுகின்றன.

போர்க்காலங்களில் இவ்வணிகம் பல மடங்கானது. அமெரிக்க விடுதலைப் போரின்போதும், பின்னர் பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின்போதும் இங்கிலாந்து, பிரான்சு, ஹாலந்து நாடுகளின் கப்பல்கள் ஒன்றையொன்று கடலில் வேட்டையாடின. நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடி ஏறிய கப்பலைப் பொதுவாக எவரும் பகைக் கப்பலாகப் பிடிக்கவில்லை. காப்பீட்டுச் செலவு குறைந்தது, ஆபத்து குறைந்தது. எனவே எந்த நாட்டான் சரக்கும் டேனிஷ் கொடியைத் தேடி வந்தது. அந்த நல்ல காலத்தில் ஒன்பதே மாதத்தில் மொத்தம் 10,000 டன்னுக்கு மேல் கொள்ளளவு கொண்ட 22 கப்பல்கள் செராம்பூரிலிருந்து புறப்பட்டதாகப் பதிவு உண்டு. கடல் வணிகரோடு வேறொரு கூட்டமும் ஆற்றைக் கடந்து வந்தது. கொல்கத்தா நீதிமன்றத்தின் கைது ஆணை மேற்குக் கரையில் செல்லாது என்பதால், கடனாளிகளுக்கு இவ்வூர் பேர்பெற்ற புகலிடமாயிற்று.

இன்று ஆற்றிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் பழைய கட்டடங்களுள் முக்கியமானவை இந்த வளத்தின் காலத்தவை. 1776 முதல் 1805-இல் இறக்கும் வரை பெரும்பாலும் இவ்வூரை நிர்வகித்த ஒலே பீ என்ற நார்வே நாட்டவர், மண் குடிசைகளின் குடியிருப்பை ஒழுங்கான தெருக்களும் ஆற்றங்கரைச் சாலையும் கொண்ட நகரமாக்கினார். 1777-இல் நிர்வாகம் டேனிஷ் கம்பெனியிடமிருந்து நேரடியாக டேனிஷ் அரசரின் கைக்கு மாறியிருந்தது. அரசு மாளிகை ஆற்றிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நீண்ட முகப்புடன் எழுந்தது. கொடி ஏறிய இடமான நிஷான் படித்துறைக்கு எதிரே 1786-இல் டென்மார்க் டேவர்ன் என்ற விடுதியை ஜேம்ஸ் பார் என்ற ஆங்கிலேயர் திறந்தார். கொல்கத்தாவில் விடுதி நடத்திப் பழகிய அவர், ஆற்றில் ஏறியிறங்கும் பயணிகளுக்கு உணவும் மதுவும் படுக்கையும் காப்பி அருந்தும் கூடமும் உண்டென்று விளம்பரம் செய்தார்.

புனித ஓலவ் தேவாலயம் இவ்வரிசையில் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றும் கட்டடம். 1800-இல் தொடங்கி ஒலே பீயின் மறைவுக்குப் பின் 1806-இல் நிறைவுற்ற இதன் முன்மண்டபத்தை இரட்டை இரட்டையாக நிற்கும் தூண்கள் தாங்குகின்றன. முகப்பில் ஏழாம் கிறிஸ்தியான் அரசரின் முத்திரை எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மேலே சதுரமான மணிக்கூண்டு. லுத்தரன் வழிபாட்டுக்கான இந்தச் சிறிய கோயிலுக்கு எதிர்க்கரையில் இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1,000 ரூபாய் நன்கொடை கொடுத்தார். பராக்பூர்ப் பூங்காவின் அழகுக்குத் தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம் மட்டுமே குறை என்று அவர் சொன்னதாகக் கூறப்படுவது உண்டு. அச்சொல் அவருடையதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காட்டும் உறவு உண்மையானது. பராக்பூரின் ஆட்சியாளர் தம் மாளிகைத் தாழ்வாரத்திலிருந்து ரசிக்கத்தக்க காட்சியாகவே செராம்பூர் அமைந்தது. தூண்களும் கோபுரமும் ஆற்றை நோக்கியே நின்றன; ஊரின் முகம் கிழக்கே, எஜமானரின் கரையைப் பார்த்தபடி இருந்தது. அதே வெல்லெஸ்லிதான் 1801-இல் ஐரோப்பியப் போரின் ஒரு திருப்பத்தில் அவ்வூரைக் கைப்பற்றி, 1802-இல் சமாதானம் ஏற்பட்டதும் திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சட்ட எல்லையின் பயன் முழுமையாக வெளிப்பட்டது கப்பல் வணிகத்தில் அல்ல, அச்சில். மதப்பரப்பாளர்கள் வருவது தன் ஆட்சிக்கும் வணிகத்துக்கும் கேடு விளைவிக்கும் என்று கருதிய கம்பெனி, அவர்களுக்கு உரிமம் தர மறுத்துவந்தது. 1799 அக்டோபரில் ஓர் அமெரிக்கக் கப்பலில் வந்த ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு முதலிய இங்கிலாந்தின் பாப்டிஸ்டு திருச்சபை ஊழியர்கள் கொல்கத்தாவில் இறங்காமல் நேரே செராம்பூருக்கு வந்தார்கள். அவர்களை ஒப்படைக்குமாறு ஆங்கிலேயர் நெருக்கியபோது ஒலே பீ இணங்கவில்லை. ஆறு ஆண்டுகளாக வங்காளத்தின் உட்பகுதியில் அவுரித் தொழிற்சாலையொன்றை மேற்பார்த்துக்கொண்டே வங்காளியும் சமஸ்கிருதமும் கற்றுவந்த, அதே சபையைச் சேர்ந்த வில்லியம் கேரியும் 1800 ஜனவரி 10 அன்று இங்கே வந்து சேர்ந்தார். கேரி வாங்கி வைத்திருந்த ஒரு மர அச்சுப்பொறி, அச்சுத் தொழில் தெரிந்த வார்டு, பள்ளி நடத்தத் தெரிந்த மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும், அவர்களைத் தொட முடியாத தூரத்தில் ஆங்கிலச் சட்டம் என இவை அனைத்தும் ஒரே இடத்தில் கூடின.

ஆனால் இவர்கள் மட்டும் இருந்திருந்தால் எழுத்து அச்சேறியிருக்காது. பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கொல்லர் இல்லாமல் செராம்பூர் அச்சகத்தைப் பற்றிப் பேசுவது அறமாகாது. கம்பெனி ஊழியரான சார்லஸ் வில்கின்ஸிடம் வங்காள அச்செழுத்து செய்யக் கற்ற அவர், 1778-இல் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணத்துக்கான எழுத்துப் பணியில் பங்குகொண்டவர். பின்னர் செராம்பூருக்கு வந்தார். அந்த வேலையின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். விரல் நீளமுள்ள எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கி, எஃகைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தி, அதைச் செம்புக் கட்டியில் ஒரே அடியாக அறைந்து குழி உண்டாக்கி, அந்தக் குழியில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி எழுத்துகளை வார்த்தெடுப்பார்கள். உரோமன் எழுத்துக்குச் சில டஜன் எஃகு முனைகள் போதும். உயிர்மெய்க் குறிகளும் கூட்டெழுத்துகளும் நிறைந்த தேவநாகரிக்கு ஏறத்தாழ 700 தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் கண்ணாலும் அரத்தாலும் மட்டுமே அளந்து செய்யப்பட்டது. பஞ்சானன் இறந்த பின் அவருடைய மருமகன் மனோகர் பல்லாண்டுகள் இதே வேலையைத் தொடர்ந்து, ஆசிய மொழிகள் பலவற்றுக்கு எழுத்து வெட்டினார்.

1801 தொடக்கத்தில் வங்காளி மொழியில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மதநூல்களோடு வேலை நின்றுவிடவில்லை. கொல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரிக்கு வங்காளி கற்பிக்கக் கேரியை அதே 1801-இல் வெல்லெஸ்லி நியமித்தார். சந்தேகத்துக்குரிய மதப்பரப்பாளராக ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்தவர், வாரத்தில் சில நாள்கள் படகேறிச் சென்று கிழக்குக் கரையின் இளம் அதிகாரிகளுக்கு ஆசிரியராக இருந்தார். அம்மாணவர்களுக்காக ராம்ராம் பாசு போன்ற வங்காள அறிஞர்கள் எழுதிய உரைநடை நூல்களும், கிருத்திவாசரின் ராமாயணமும் செராம்பூரில் அச்சாயின. 1818 ஏப்ரலில் ‘திக்தர்ஷன்’ என்ற மாத இதழும், மே 23 அன்று ‘சமாசார் தர்ப்பண்’ என்ற வார இதழும் வெளிவந்தன. வங்காள உரைநடையும் வங்காள இதழியலும் கால் ஊன்றிய இடம் டென்மார்க்கின் மண்.

இந்தக் கதையில் தமிழகத்துக்கும் எதிர்பாராத ஓர் இடம் உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், மத உணர்வைப் புண்படுத்தியதே காரணம் என்ற அச்சம் கம்பெனி வட்டாரங்களில் பரவியது. அதன் அதிர்வு ஹூக்ளிக் கரையை உடனே எட்டியது. அவ்வாண்டு புதிதாக வந்திறங்கிய இரண்டு பாப்டிஸ்டு ஊழியர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர்கள் செராம்பூரில் தஞ்சம் புகுந்தார்கள். 1807-இல் மின்டோ பிரபுவின் அரசு, செராம்பூர் அச்சகத்தையே தன் கண்காணிப்புக்கு உட்பட்ட கொல்கத்தாவுக்கு மாற்றுமாறு கோரியது. ஒலே பீயின் இடத்துக்கு வந்திருந்த யாக்கப் கிரெஃப்டிங், தன் அரசரின் மண்ணில் நடக்கும் அச்சகத்தை அயலவர் அகற்ற முடியாது என்று உறுதியாக நின்றார். பேச்சுவார்த்தைக்குப் பின் மின்டோ கோரிக்கையைக் கைவிட்டார். சில மாதங்கள் தாமதித்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். 1808 தொடக்கத்தில் ஆங்கிலப் படை செராம்பூரைப் பிடித்துக்கொண்டது.

முந்தைய செப்டம்பரில் ஆங்கிலக் கடற்படை கோபன்ஹேகனைக் குண்டு வீசி அழித்து டேனிஷ் கப்பல்களைக் கைப்பற்றியதன் தொடர்ச்சி அது. நடுநிலைக் கொடிக்கு மதிப்பு இல்லாமற்போன நாளில் செராம்பூரின் கப்பல் வணிகமும் முடிந்தது. 1815-இல் ஊர் டேனியரிடம் திரும்பி வந்தபோது வணிகம் திரும்பவில்லை. இங்கிலாந்து ஆலைத்துணி சந்தையை நிறைத்திருந்தது, கம்பெனியின் தனி வாணிப உரிமை தளர்ந்து ஆங்கில வணிகர் யாரும் நேரே கப்பல் அனுப்பலாம் என்ற நிலை வந்திருந்தது. டேனிஷ் கப்பல் ஆற்றில் ஏறி வருவதே அரிதாயிற்று.

அதன்பின் ஊரின் உயிர்ப்பு பெரும்பாலும் அச்சகத்தையும் அதைச் சார்ந்த பணிகளையும் நம்பியே இருந்தது. 1812 மார்ச் 11 மாலை அச்சகம் தீப்பிடித்து, காகிதமும் கையெழுத்துப் படிகளும் பல மொழி அச்செழுத்துகளும் அழிந்தன. அப்போது அச்சில் இருந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டு வேலையும் அதில் தடைப்பட்டது. சாம்பலைக் கிளறியபோது மனோகரும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் வெட்டிய எஃகு முனைகள் கெடாமல் கிடைத்தன. ஈயம் உருகிப் போனாலும் எஃகு இருந்தால் மீண்டும் வார்க்கலாம். சில மாதங்களுக்குள் அச்சுப்பொறிகள் மீண்டும் ஓடின. நாட்டுக் காகிதத்தைப் பூச்சி அரித்ததால் அவர்களே காகித ஆலை வைத்து, பூச்சி அரிக்காத காகிதம் செய்தார்கள். ஆட்கள் மிதித்துச் சுழற்றிய சக்கரத்துக்குப் பதிலாக 1820-இல் இங்கிலாந்திலிருந்து 12 குதிரைத்திறன் நீராவி எந்திரம் வந்திறங்கியது. இந்தியத் தொழிலில் நீராவியைப் பயன்படுத்திய மிக முந்திய இடங்களுள் இதுவும் ஒன்று. கேரி தம் தோட்டத்தில் நாட்டுச் செடிகளையும் அயல்நாட்டுச் செடிகளையும் வகைப்படுத்தி வளர்த்தார். ராக்ஸ்பரோவின் தாவரவியல் நூல்கள் செராம்பூரில் அச்சாயின.

1818-இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரி இவ்வூரின் ஆற்றங்கரைக்கு மிகப் பெரிய முகப்பைத் தந்தது. ஆற்றை நோக்கி உயர்ந்து நிற்கும் ஆறு அயோனியத் தூண்களும், உள்ளே வார்ப்பிரும்பாலான இரட்டை மாடிப்படியும் இன்றும் உள்ளன. படிகளும் இரும்பு வாயிலும் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடெரிக்கின் கொடை. கிறிஸ்தவரல்லாத மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கீழைமொழி இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் கற்பிப்பது கல்லூரியின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. 1827 பிப்ரவரி 23 அன்று அதே அரசர் வழங்கிய சாசனம் இக்கல்லூரிக்குப் பட்டம் அளிக்கும் உரிமை தந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு இது நடந்தது. இவ்வுரிமை நீண்ட காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்து, 1915-இல்தான் முதல் இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய தனிச்சட்டம் அச்சாசனத்துக்கு இந்தியச் சட்ட வடிவம் கொடுத்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி உட்பட நாடெங்கும் உள்ள பல கல்லூரிகளின் மாணவர்கள் இன்றும் செராம்பூர்ப் பட்டம் பெறுகிறார்கள். டேனிஷ் அரசர் கையெழுத்திட்ட ஓர் ஆவணத்தின் செல்லுபடி மதுரை வரை நீள்வதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

1830-க்குப் பின் கொல்கத்தாவின் வாணிப நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தபோது பாப்டிஸ்டு மிஷனின் சேமிப்பும் கரைந்தது. 1834 ஜூன் 9 அன்று கேரி இறந்தார். டேனிஷ் அரசுக்கு இவ்வூரால் வருவாயை விடச் செலவே மிகுந்தது. 1845 பிப்ரவரி 22 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரிசாவின் பாலேஸ்வரில் இருந்த ஒரு துண்டு நிலமும் சேர்ந்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்குக் கைமாறின. உள்ளூரின் பெருஞ்செல்வரான ரகுராம் கோஸ்வாமி ஊரைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தார் என்றொரு பேச்சு செராம்பூரில் உண்டு. அவர் குடும்பத்தின் தூண்கள் நிறைந்த மாளிகையைப் பார்த்தால் அது நம்பக்கூடியதாகவே தோன்றும். டேனிஷ் வணிகத்தின் லாபம் ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை, இடைநின்ற வங்காள வணிகக் குடும்பங்களிடமும் தங்கியது என்பதற்கு அந்த மாளிகை சான்று. ஒப்பந்தத்தில் கல்லூரியின் சாசன உரிமையைக் காக்கும் விதியைச் சேர்த்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அக்டோபர் 11 அன்று செராம்பூரிலும், நவம்பர் தொடக்கத்தில் தரங்கம்பாடியிலும் டேனிஷ் கொடி இறங்கியது.

எல்லை அழிந்ததும் ஊர் வேறொன்றாக மாறியது. 1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளி வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை செராம்பூர் வழியாகச் சென்றது. ஆற்றின் ஓதத்துக்குக் காத்திருந்த பயணம் கடிகார நேரத்துக்கு மாறியது, ஊரின் வாசலும் படித்துறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு பக்கத்து ஊரான ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கியது. 1866-இல் செராம்பூரிலேயே ஆலை வந்தது. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் குடியேறினார்கள். ஆற்றங்கரை புகைபோக்கிகளாலும் நீண்ட மதில்களாலும் நிறைந்தது. 2011 கணக்கெடுப்பில் 1.8 லட்சம் மக்களைக் கொண்ட இன்றைய நகரத்தின் உருவம் பெரும்பாலும் டேனியர் தந்ததல்ல, சணலும் ரயிலும் தந்தது. டேனியருக்கு முந்திய செராம்பூர் ஒன்றும் இதனூடே தொடர்கிறது. நகரின் தென்பகுதியான மாஹேஷில் நடக்கும் ஜகந்நாதர் தேரோட்டம் புரிக்கு அடுத்த பழமையுடையது என்று போற்றப்படுவது. இப்போது ஓடும் தேர் 1885-இல் இரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டது, 50 அடி உயரம், 125 டன் எடை. தேர் கட்டும் மரபிலும் ஆலைக் காலத்து இரும்பு புகுந்துவிட்டது.

டேனிஷ் காலத்துக் கட்டடங்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பரிதாபமான நிலையில் இருந்தன. டென்மார்க் டேவர்னின் கூரை இடிந்து, சுவர்களில் ஆலங்கன்றுகள் வேரோடியிருந்தன. 2008 முதல் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் மேற்கு வங்க மரபுடைமை ஆணையமும் இன்டாக் என்ற மரபுக் காப்பு அமைப்பும் இணைந்து செய்த பணியால் நிலைமை மாறியது. புனித ஓலவ் தேவாலயம் செம்மையாக்கப்பட்டு 2016-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது. டேவர்ன் 2018-இல் சிற்றுண்டிச் சாலையும் தங்கும் அறைகளும் கொண்ட விடுதியாகவே திரும்பத் திறந்தது. சுண்ணாம்புச் சாந்தும் பழைய அளவிலான செங்கலும் கொண்டு, பயன்பாட்டையும் மீட்டுத் தந்த இந்தச் சீரமைப்பு பாராட்டுக்குரியது. தரங்கம்பாடியில் நடந்த பணிகளோடு ஒப்பிட்டுக் கற்கத்தக்கது.

எனினும் எது மீட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அரசு மாளிகை, தேவாலயம், விடுதி, வாயில் எனக் கொடிக்குரியவர்கள் வாழ்ந்த இடங்களே முன்னிற்கின்றன. செராம்பூருக்கு உலகப் புகழ் தந்த அச்சகம் இருந்த இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சணல் ஆலை வளாகத்துக்குள் போய்விட்டது. கேரியின் பெயரில் நூலகமும் ஆய்வு மையமும் கல்லறையும் உள்ளன; ஒலே பீயின் கல்லறை டேனிஷ் இடுகாட்டில் பாதுகாக்கப்படுகிறது; பஞ்சானன் கர்மகாருக்கும் மனோகருக்கும் அந்த அளவுக்கு ஒரு நினைவிடம் எழ வேண்டும். எஃகு முனை வெட்டுவதிலிருந்து ஈயம் வார்ப்பது வரையான வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்க்கும்படி ஒரு பட்டறை ஆற்றங்கரையில் அமைந்தால், இவ்வூரின் வரலாற்றில் இதுவரை வெளிச்சம் படாத பாதியும் தெரியவரும். கொல்கத்தாவிலிருந்து செல்ல விரும்புகிறவர்கள் ஹவுராவில் புறநகர் ரயில் ஏறிச் சென்று, திரும்பும்போது பராக்பூருக்குப் படகில் ஆற்றைக் கடப்பது நல்லது. அந்தச் சில நிமிடங்களில் தேவாலயக் கோபுரமும் கல்லூரித் தூண்களும் ஆலை மதில்களும் ஒரே வரிசையில் தெரியும். எந்தக் காலத்துக் கட்டடம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதையும் நீரிலிருந்தே தெளிவாகக் காண முடியும்.